கழட்டு அண்ணனின் கைக்கடிகாரம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அவரை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கழட்டு அண்ணன்' என்றால்தான் தெரியும். காலையில் வந்ததிலிருந்து அவர் வாயில் வருவது அந்த ஒரே சொல்தான். கம்மலைக் கழட்டுங்க, பெல்ட்டைக் கழட்டுங்க, ஹேர்பின்னைக் கழட்டுங்க. உள்ளே இருப்பது இரும்புக் கட்டிலையே இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும் காந்தம். மெஷின் சும்மா இருக்கும்போதும் அது சும்மா இருக்காது.

வாட்ச் விஷயத்தில் அவருடைய உபதேசம் தனி ரகம். அவர் கட்டுவது சாவி கொடுக்கிற வாட்ச். மனைவி தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. கையில் கட்டிக்கொண்டே சாவி கொடுத்தால் குமிழ் கோணிவிடும். கழற்றி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். விரலுக்குத் தடை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். குளிக்கும்போது கட்டக் கூடாது, ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கவே கூடாது. டியூட்டிக்கு வந்தால் முதல் வேலை, அதை லாக்கரில் வைத்துப் பூட்டுவது. இதையெல்லாம் கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். என் பேச்சை நானே கேட்க நேர்ந்தால் நானும் விட்டிருப்பேன் என்று அவரே ஒப்புக்கொள்வார்.

மனைவிக்குச் சில வாரங்களாக ஓயாத தலைவலி. மூளையில் ஏதாவது கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினமும் ஊரார் தலையை ஸ்கேன் செய்கிறவர்தான். வீட்டுத் தலை என்றதும் டாக்டரின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

அன்று அவள் கூந்தலிலிருந்த பின்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்தார். வளையலைக் கழற்றினார். செருப்புக் கொக்கியைக்கூட விடவில்லை. அவளைப் படுக்க வைத்து மெஷினுக்குள் அனுப்பிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கூட வேலை பார்க்கும் பெண்ணின் அருகில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மனைவி, தன் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தி மணி அடித்தாள். பயமாக இருக்கிறது, வெளியே எடுங்கள் என்பதற்கான மணி அது.

அவர் ஒரே ஓட்டமாக உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நிற்கிறேன், பயப்படாதே என்றார். அப்படியே பிடித்தபடி ஸ்கேன் முடியும்வரை நின்றார். மணிக்கட்டை யாரோ இழுப்பது போலிருந்தது. அவள்தான் பயத்தில் இழுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வெளியே வந்து பார்த்தால், பதற்றத்தில் லாக்கரில் வைக்க மறந்த வாட்ச் கையிலேயே இருந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வாட்ச் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. வேலைக்கு எப்போதும் மூச்சு வாங்க வந்து சேர்கிறவர், கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார். வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ரிப்போர்ட் வரும் நாளைச் சீக்கிரம் கொண்டுவரத்தான் முள்கள் இப்படிப் பறக்கின்றன என்று கழட்டு அண்ணனுக்குக் கிலி பிடித்தது. காந்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு அந்தக் காரணம் மட்டும் தோன்றவில்லை.

ரிப்போர்ட் வாங்கப் போகிற வழியில் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் காட்டினார். அவர் வாட்சின் பக்கத்தில் ஒரு திசைகாட்டியை வைத்தார். அதன் முள் ஆடியது. உள்ளே சுருள்வில்லில் காந்தம் ஏறியிருக்கிறது என்றார். அதை இறக்கும் கருவியில் காட்டி எடுத்துவிட்டு, "காந்தம் பக்கம் எங்கயாவது போனீங்களா?" என்று கேட்டார். கழட்டு அண்ணன் தன் வேலை என்னவென்று சொல்லாமல் நழுவினார்.

ரிப்போர்ட்டில் கட்டி எதுவும் இல்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். மனைவியின் கண்ணைச் சோதிக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். பார்வைக் கோளாறுதான் தலைவலிக்குக் காரணமாக இருக்குமாம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் அந்த நல்ல செய்தியைச் சொன்னார். அதே சூட்டில், அவள் வாங்கித் தந்த வாட்சுக்குத் தான் செய்த கூத்தையும் அசடு வழியச் சொல்லி முடித்தார்.

"அப்பவே தெரியும்," என்றாள் அவள். "கையப் புடிச்சீங்கல்ல, வாட்சு ஜில்லுன்னு பட்டுச்சு."

"சொல்ல வேண்டியதுதானே? அது எவ்வளவு ஆபத்து தெரியுமா?"

"சொன்னா கழட்டி வைக்க வெளிய போவீங்க. அதுக்குக் கைய விடணுமே."

கழட்டு அண்ணன் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவள் கையை மறுபடி பிடித்துக்கொண்டார்.