சி. பவளம் என்று பேர் வெட்டிய செம்பு

நாள் முழுக்க நின்றபடி, தானும் ஒன்றையும் தொடாமல் மற்றவர்களையும் தொடவிடாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் தருகிற தொழில் ஒன்று உண்டென்றால், அது மியூசியக் காவல்தான். தொழிற்சாலையில் லைனில் நிற்கிறவர்களே, கோப்பிக் கடைக் கவுண்டரில் நிற்கிறவர்களே, குதிக்கால் நோவைப் பற்றி உங்களுக்கு நான் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஆனால் உங்களுக்குக் கிடைக்காத ஒரு கொடுப்பினை எனக்குக் கிடைத்தது. ஊரை விட்டு வந்து சேர்ந்த இந்தக் குளிர் நாட்டு மியூசியத்தில், ஆசியாவின் பழைய எழுத்துகளை வைத்திருந்த மண்டபத்தில்தான் நான் கனகாலம் நின்றேன். பென்ஷன் எடுத்து வீட்டில் கால் நீட்டி இருக்கும்போது, அந்த மண்டபமும் அங்கே வந்துபோன ஆக்களும்தான் நினைவில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

களிமண்ணில் ஒரு சைன்

வாசலடியில் இருந்த முதல் கண்ணாடிப் பெட்டிக்குள் சவர்க்காரக் கட்டி அளவில் சில களிமண் துண்டுகள். மெசொப்பொத்தேமியாவில் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் குத்திக் குத்தி எழுதியவை. பார்க்க வருகிறவர்கள் ஏதோ மந்திரமாக்கும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைப்பார்கள். அதில் எழுதியிருந்ததோ இன்னாருக்கு இவ்வளவு பார்லி, இன்னாருக்கு இவ்வளவு பியர் என்பதுதான். வாங்கினவன் தன் முத்திரையை அதில் உருட்டிவிட்டுப் போகவேண்டும்.

ஒருநாள் மியூசிய நிர்வாகக் கந்தோருக்குப் பார்சல் கொடுக்க வந்த தமிழர் ஒருவர், என் முகத்தைக் கண்டு கதைக்க நின்றார். காலையிலிருந்து வீடு வீடாகப் படி ஏறி இறங்கி, கதவைத் தட்டி, சைன் வாங்கி அலுத்துப்போனாராம். அவரை ஆற்றுவதற்காக இந்தக் களிமண் கதையைச் சொன்னேன். கையிலிருந்த ஸ்கானரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாலாயிரம் வருசமாச் சாமானைக் குடுத்துச் சைன் வாங்கிக்கொண்டுதான் திரியிறாங்களெண்டால், நான் ஒருத்தன் மட்டும் புறுபுறுக்கிறதிலை என்ன நியாயம் அண்ணை?"

கன்ரீனில் இருந்த செம்பு

மியூசியக் கன்ரீனில் ராசமணி என்று ஒரு பெண் சமையல் வேலை செய்தார். என்னை விட வயதில் இளையவர். என்னை அண்ணை என்பார். அவர் தண்ணீர் குடிப்பது ஒரு எவர்சில்வர் செம்பில். வேறு யாரும் அதைத் தொடமுடியாது. செம்பின் கழுத்தில், கடைக்காரன் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி வெட்டிய பேர்: சி. பவளம். கலியாணச் சீருக்கு வாங்கும் பாத்திரத்தில் பேர் வெட்டுவது எங்கள் ஆக்களின் வழக்கம்தானே. ராசமணியின் செம்பில் பவளத்துக்கு என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

தொண்ணூற்றைந்தில், சண்டை கிட்ட வருகிறதென்று யாழ்ப்பாணமே எழும்பி நடந்த அந்த இடப்பெயர்வில், கொட்டுகிற மழையில், நாவற்குழிப் பாலத்தடியில் ராசமணி கைக்குழந்தையோடு சனத்துக்குள் மாட்டுப்பட்டு நின்றாராம். குழந்தை அழுது அழுது தொண்டை அடைத்துப்போய்விட்டது. பக்கத்தில் நெரிபட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண், தன் செம்பில் கொஞ்சம் மாப்பால் கரைத்து வைத்திருந்தாராம். "பிள்ளை குடிக்கட்டும், செம்பைப் பேந்து தாங்கோ" என்று நீட்டியிருக்கிறார். குழந்தை குடித்து முடிப்பதற்குள் சனம் இருவரையும் பிரித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ராசமணிக்கு ஒரே எண்ணம்தான். பவளத்தைக் கண்டுபிடித்துச் செம்பைக் கையில் கொடுக்கவேண்டும். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் என்று எங்கே போனாலும் விசாரிப்பார்.

பால் குடித்த குழந்தை தர்சினிக்கு இப்போது இதே நகரத்தில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமைகளில் தாயை ஏற்றிப்போக வரும்போது மண்டபத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்பாள். செம்புக் கதை தொடங்கினாலே கண்ணை உருட்டுவாள். "அம்மா, இந்த சிற்றியிலை எத்தினை பவளம் அன்ரி இருப்பினம்? சீரியஸ்லி, ஜஸ்ற் லெட் இற் கோ."

எலும்பைக் கேட்டால் தெரியும்

மூன்றாவது பெட்டியில் சீனத்து எலும்புகள். அந்தக் காலத்து அரசர்கள் மாட்டெலும்பிலும் ஆமை ஓட்டிலும் சூடு வைத்து, வெடிப்பு எப்படி ஓடுகிறது என்று பார்த்துக் குறி கேட்பார்களாம். கேட்ட கேள்வியையும் அதிலேயே செதுக்கி வைப்பார்கள். மழை வருமா, பல்லுக்குத்து மாறுமா, அரசிக்குப் பிள்ளை சுகமாகப் பிறக்குமா. சில எலும்பில் ஒரு பக்கம் "மழை வரும்", மறு பக்கம் "மழை வராது" என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்கள். என்னோடு காவல் நின்ற லின், யூனியன்வில்லில் இருந்து வருகிற சீனப்பெண், இதைச் சொல்லிச் சிரிப்பாள். தன் மாமியாரும் இப்படித்தானாம், எதற்கும் இரண்டு பக்கமும் சொல்லி வைத்துவிட்டு, பிறகு நான் அப்போதே சொன்னேனே என்பாராம்.

ஒருநாள் மத்தியான இடைவேளையில் ராசமணியும் மேலே வந்து நின்றார். உங்களுக்கு ஒரு எலும்பு கிடைத்தால் என்ன கேட்பீர்கள் என்று லின் பகிடியாகத்தான் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். ராசமணி பகிடியாக எடுக்கவில்லை. கண்ணாடியில் கையை வைக்கப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். "பவளமக்கா உயிரோடை இருக்கிறாவோ எண்டு மட்டும்தான் கேப்பன், அண்ணை. மற்றதை நான் தேடுவன்."

சட்டித் துண்டு

தமிழர் யார் வந்தாலும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, எங்கடையது ஒன்றும் இல்லையா என்பதுதான். கடைசி மூலையில் இருக்கிறது என்று கையைக் காட்டுவேன். பாவம், ஆசையாகப் போவார்கள். அங்கே இருந்தது உள்ளங்கை அளவில் ஒரு உடைந்த சட்டித் துண்டு. அதில் பழைய தமிழ் எழுத்தில் கீறிய சில கோடுகள். சட்டியின் சொந்தக்காரரின் பேராம். தன் சமையலறைச் சட்டியில் சாதாரண ஆள் ஒருவர் தானே கீறி வைத்த பேர் இத்தனை காலம் தப்பி வந்திருக்கிறதே என்று எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறையும்.

எல்லோருக்கும் அப்படி நிறைவதில்லை. கழுத்துப்பட்டி கட்டி, குடும்பத்தோடு வந்த அங்கிள் ஒருவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். மனிசியிடம் அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "எழுதினதுதான் எழுதினவர், ஒரு பாட்டெண்டாலும் எழுதியிருக்கலாமே."

சொந்தக்காரர் யார்?

ராசமணி செம்பும் கையுமாக அந்தச் சட்டித் துண்டுக்கு முன்னால் நின்ற ஒருநாள்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நீங்கள் செம்பைத் தூக்கிக்கொண்டு சனத்தைத் தேடித் திரிகிறீர்கள், அதை இங்கே வைத்தால் சனம் செம்பைத் தேடி வருமே என்றேன். மண்டபப் பொறுப்பாளரிடமும் போய்ச் சொன்னேன். இளம் வெள்ளைக்காரப் பெண், நல்ல பிள்ளை. பாத்திரத்தில் பேர் எழுதும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது என்று காட்டலாமே என்று அவளுக்கும் சந்தோஷம். வேலை வெட்டொன்று துண்டிரண்டாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. இரவலாக வைப்பதென்றாலும் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டுமாம். உங்களுடையது என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றாள். ராசமணி அசையவில்லை. என்னுடையது இல்லை, பவளமக்காவுடையது, பேர் கிடக்குது பாருங்கோ என்று நின்றுவிட்டார். சொந்தக்காரரைக் கேட்காமல் ஒரு பொருளைப் பெட்டிக்குள் வைக்க விதி இடம் கொடாது என்று அவள் வருத்தத்தோடு கையை விரித்தாள். ராசமணி மூலைப் பெட்டியைக் காட்டி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். "அப்ப, உந்தச் சட்டித் துண்டுக்காரரிட்டை கேட்டே வைச்சவை?"

பொறுப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தாள். பாதுகாத்து வைத்திருப்பவர் என்று மட்டும் எழுதி ராசமணியிடம் சைன் வாங்கினாள்; ஒரு கிழமைக்குள் செம்பு பெட்டிக்குள் ஏறியது. கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் குறிப்பு: சொந்தக்காரர் பவளம், பாதுகாத்து வைத்திருப்பவர் ராசமணி.

வந்த ஆள்

மாதங்கள் போயின. சனம் வந்தது, பார்த்தது, போனது. ராசமணி கன்ரீனில் பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பின்னேரமும் மேலே வந்து, ஆரும் வந்தவையோ என்று கேட்பார். இல்லையென்று தலையாட்டுவதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கும். யோசனை சொன்னவன் நான் அல்லவா.

தைப்பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை. தர்சினி என் பக்கத்தில் நின்று பார்க்கிங்குக்கு எடுக்கிற காசைப் பற்றிப் பொரிந்துகொண்டிருந்தாள். நடைத்தடியோடு ஒரு அம்மா தனியாக உள்ளே வந்தார். களிமண்ணையும் பார்க்கவில்லை, எலும்பையும் பார்க்கவில்லை, நேரே மூலைக்குப் போனார். செம்புக்கு முன்னால் நின்றவர் நின்றவர்தான். கிட்டப் போனேன். "தம்பி, நான் ஒஷாவாவிலை இருந்து வாறன். செத்த வீடொண்டிலை ஆரோ சொல்லிச்சினம். உது என்ரை செம்பு" என்றார். கன்ரீனுக்கு ஃபோன் எடுத்து, மேலே வாங்கோ என்று மட்டும் சொன்னேன்.

ராசமணி மாப் பிசைந்த கையோடு ஓடிவந்தார். எத்தனையோ வருடமாகச் சொல்ல வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போனதோ. "அக்கா, ஒரு நெளிவும் விழாமல் வைச்சிருக்கிறன்" என்று மட்டும்தான் வந்தது. பவளமக்கா செம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. "செம்பு கிடக்கட்டும், பிள்ளை. உதுக்கே இந்தக் குளிருக்குள்ளை வந்தனான்? அண்டைக்கு என்ரை கையிலை பால் குடிச்ச குழந்தை தப்பினதோ? எனக்கு அது தெரியவேணும்."

ராசமணி மாக் கையாலேயே தர்சினியின் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டார். எனக்குக் கண் கலங்கியது. காவல்காரன் அழக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. பவளமக்கா நடைத்தடியை என்னிடம் தந்துவிட்டு, தர்சினியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லாய்த்தான் குடிச்சிருக்கிறாய்."

பொருள் யாருடையது என்று காட்டுவதற்கும் மனிதன் எழுதத் தொடங்கினான் என்று எங்கள் மண்டபத்து வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பேர் பளிச்சென்று தெரிகிற அந்தச் செம்பை "இது உங்கடை" என்று ஒருவரும் "இல்லை, இனி உன்ரை" என்று மற்றவரும் தள்ளிக்கொண்டே இருப்பதால், அது இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.