அருள்மேரியின் கிளிப்பச்சைச் சுடிதார்

தாம்பரத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்பதே, ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கும் அந்த ஐந்து மாடித் துணிக்கடை போர்டு வைத்துச் சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பொங்கல் முடிந்த கையோடு வாசலில் பஞ்சை ஒட்டிப் பனி செய்து, ‘விண்டர் கிளியரன்ஸ் சேல், பெண்கள், குழந்தைகள் ஆடைகள் பாதி விலை’ என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பனிக்குக் கீழே காவலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஊரில் எவரும் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. பாதி விலை என்றால் நம் ஜனங்கள் நிஜப் பனிமலையிலேயே வரிசையில் ஏறிப் போவார்கள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அந்தக் கூட்டத்துக்குள் அருள்மேரி நுழைந்தாள். கீழ்க்கட்டளைக்காரி, வயது நாற்பத்தாறு. வந்தது ஒரே ஒரு சுடிதார் வாங்க. இதில் என்ன பெரிய கதை என்று நீங்கள் கேட்கலாம். அவள் பிறந்ததிலிருந்து சுடிதார் போட்டதில்லை. மறுநாள் காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஸ்கூட்டரில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வருகிற வேலை கையை விட்டுப் போய்விடும்.

அருள்மேரி லேசுப்பட்ட ஆள் இல்லை. கீழ்க்கட்டளையில் ஒரு டாக்டரின் சின்ன லேபில் இருபது வருஷத்துக்கு மேல் ரத்தம் எடுத்தவள். தெருவில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு அவளுக்கு மனப்பாடம். கல்யாண வீட்டுப் பந்தியில் அவளைப் பார்த்ததும் ஜிலேபியைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. போன வருஷம் டாக்டர் லேபை மூடிவிட்டு மகனோடு இருக்கக் கிளம்பிப் போனார். அருள்மேரி வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பழக்கமில்லாதவள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். புருஷன் ஏசுபாதம் நின்றாலும் திட்டு வாங்கினார், நடந்தாலும் திட்டு வாங்கினார்.

மேடவாக்கத்தில் ஒரு பெரிய லேபில் ஆள் கேட்டார்கள். விடிந்ததும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய், காபி குடிக்காமல் காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும். அருள்மேரி ஊசி பிடிக்கிற பாங்கைப் பார்த்ததும் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. வண்டி ஓட்டுவீர்களா என்று மட்டும் கேட்டார்கள். ஓட்டுவேன் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். ஜனவரி மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தப் பொய்யை மெய்யாக்கும் வேலை ஏசுபாதத்தின் தலையில் விழுந்தது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சாயங்காலமானால் சர்ச் மைதானத்தில் மகளுடைய பழைய ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார். “அய்ய, முறுக்காத மேரி! செவுத்துக்கா போற?” என்று அவர் போட்ட கூச்சலில் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் விக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாகப் போனார்கள். அவருக்குத் தொப்பை கொஞ்சம் இறங்கியது. அவளுக்கு வண்டி வந்துவிட்டது.

ஆனால் டெஸ்டில் வரவில்லை. எட்டின் இரண்டாவது வளைவில் சேலைக் கொசுவம் செருப்புக்கு அடியில் சிக்க, காலைக் கீழே ஊன்றிவிட்டாள். கால் தரையில் பட்டால் ஃபெயில். ஆய்வாளர் கோபிக்கவில்லை. “நல்லாத்தான் ஓட்டறீங்கம்மா. சேலைதான் இழுக்குது. அடுத்த வாட்டி சுடிதார்ல வாங்க” என்றார்.

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அருள்மேரிக்கு எட்டைவிடச் சுடிதார் பெரிய பயம். நினைத்துப் பார்த்தால் அவளை யாரும் தடுத்ததே இல்லை. மாமியார் சொன்னதில்லை, பாதிரியார் சொன்னதில்லை, ஏசுபாதத்துக்கு அவள் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமைகூடத் தெரியாது. தடுத்தது அவள் வாய்தான். பல்லாவரம் சந்தையில் தன் வயதுக்காரி எவளாவது சுடிதாரில் போனால், “இந்த வயசுல இன்னாத்துக்கு இந்த வேஷம்?” என்று காது படவே கேட்டவள் இவள். ஊரில் இருக்கிற எல்லாரும் தன்னைப் போலவே வாய் வைத்திருப்பார்கள் என்று இப்போது பயந்து செத்தாள்.

மகள் ஷீலாவின் சுடிதாரைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தாள். ஷீலா ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. சட்டை தோளோடு நின்றுவிட்டது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் ஏசுபாதத்தைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னதில் தையல் பிரிந்தது. அதனால்தான் இந்தக் கடை, இந்தக் கூட்டம். ஏசுபாதம் துணிக்கடைக்குள் காலெடுத்து வைக்கிற சாதி இல்லை. வாசலில் பஞ்சுப் பனிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றார்.

இரண்டாவது மாடி முழுக்கப் பெண்களும் குழந்தைகளும். இந்தப் பக்கம் சுடிதார், நைட்டி, லெக்கிங்ஸ். அந்தப் பக்கம் குழந்தைகளின் கவுன், கரடி போட்ட கம்பளி ஸ்வெட்டர். டிரையல் ரூம் கதவு திறந்திருந்தது, உள்ளே கூரைவரை அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். மேற்பார்வையாளர் வில்பிரட் மைக்கில் அறிவித்துக்கொண்டே இருந்தார்: “சேல்ல டிரையல் ரூம் கிடையாது. ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச் கிடையாது. மேல போட்டுப் பார்த்து எடுத்துக்கோங்க மேடம்.”

மற்ற பெண்கள் மேலே போட்டுப் பார்த்தார்கள். சுடிதாரில் வந்தவர்களுக்கு அது சுலபம். சேலையில் வந்தவள் என்ன செய்வாள்? அருள்மேரி ஒரு டாப்ஸை எடுத்துத் தலைவழியாக மாட்டினாள். முந்தானை ஒரு பக்கம் பொதியாக நின்றது, கொசுவம் முன்னால் துருத்தியது. தலையணை உறைக்குள் மெத்தையைத் திணித்த மாதிரி இருந்தாள். இன்னும் பெரிய அளவு, அதைவிடப் பெரிய அளவு என்று மாற்றிக்கொண்டே போய், கடைசியில் இருந்ததிலேயே பெரியதை மார்போடு அணைத்துக்கொண்டு பில் போடக் கிளம்பினாள். கண்ணாடியில் பார்க்கத் தைரியம் இல்லை. எதையாவது வாங்கிக்கொண்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

“அக்கா, அத வாங்காதீங்க. அது உங்களுக்கு ரொம்பப் பெருசு.”

திரும்பினாள். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், தலையில் முக்காடு, இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் பெயர் அஜீசா என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு முன்னால் அவளுடைய பெண் ஃபரா, ஐந்து வயது, கரடி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. அதைப் பற்றி அந்தக் குழந்தைக்குக் கவலையே இல்லை.

“சேல மேல போட்டா பெருசுதான் கேக்கும். வீட்டுக்குப் போயி சேல இல்லாம போட்டீங்கன்னா உள்ள ரெண்டு பேர் போலாம்” என்றாள் அஜீசா.

“இன்னா பண்ண சொல்ற? டிரையல் ரூம்ல பொட்டி அடுக்கி வெச்சிக்கிறான். நாளைக்குக் காலைல எனக்கு வண்டி டெஸ்ட்டும்மா” என்றாள் அருள்மேரி. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சேலை, செருப்பு, எட்டு, மேடவாக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். “இத்தோட விட்டா வேல போய்டும். பேஜாரா கீது.”

அஜீசா சிரித்தாள். பக்கத்து ராக்கிலிருந்து பூப்போட்ட நைட்டி ஒன்றை உருவினாள், கூடாரம் போல இருந்தது அது. “நைட்டி எதுக்குக்கா இருக்கு? மேல இத மாட்டுங்க. உள்ள சேலைய அவுத்துருங்க. பேன்ட்ட ஏத்துங்க. கைய உள்ள இழுத்துக்கினு டாப்ஸ மாட்டுங்க. அப்புறம் நைட்டிய உருவுனா முடிஞ்சுது. நான் ஹாஸ்டல்ல படிச்சவ, எனக்குத் தெரியாதா?”

“அய்யய்ய, கடைக்குள்ளயா?”

“நம்ம தெருவுல நைட்டியோட தண்ணி லாரிக்கு நிக்கல? இங்க பாருங்க, எல்லாம் பொம்பளைங்கதான்.”

தூணுக்கும் குழந்தைகள் கவுன் தொங்குகிற ராக்குக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. அருள்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். நைட்டியை மாட்டிக்கொண்டு உள்ளே கையைவிட்டுச் சேலையை அவிழ்த்தாள். நைட்டியின் அடியிலிருந்து சேலை வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஃபரா அதன் நுனியைப் பிடித்து, கைதட்டிச் சிரித்துக்கொண்டே ராக்கைச் சுற்றி இழுத்துப் போனாள். விற்பனைப் பெண் சாவித்ரி பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

அந்த நேரம் பார்த்து வில்பிரட் வந்து சேர்ந்தார். தரையில் ஓடும் சேலையைப் பார்த்தார். “மேடம், சேல்ல டிரையல் கிடையாதுன்னு சொன்னேனே!”

“டிரையல் எங்க சார் நடக்குது? நைட்டிய மேல போட்டுப் பாக்குறாங்க. நீங்கதானே மைக்ல மேல போட்டுப் பாருங்கன்னீங்க?” என்றாள் அஜீசா. அதற்குள் நாலைந்து பெண்கள் கையில் துணியோடு அப்படியே வந்து ராக்கின் ஓரத்தில் நின்றுகொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. “வயசான அம்மாவ எதுக்குப்பா தொந்தரவு பண்ற?” என்று ஒருத்தி கேட்டாள். யாருடி வயசான அம்மா என்று நைட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

வில்பிரட் பாவம், நல்ல மனிதர். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, அந்தப் பக்கம் வந்த இரண்டு ஆண்களை, “சார், ஜென்ட்ஸ் மூணாவது மாடி” என்று விரட்டினார்.

முதலில் போட்டது குனிந்தபோது இறுக்கிப் பிடித்தது. அடுத்தது சரியாக வந்தது, தைத்துக் கொடுத்த மாதிரி. ஆனால் நிறம்! தள்ளுபடி விற்பனையில் கடைசிவரை தங்குகிற நிறம் எது என்று உங்களுக்குத் தெரியும். கிளிப்பச்சை. அந்த அளவில் வேறு நிறமே இல்லை. அருள்மேரி நைட்டியை உருவிவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

முதலில் வெட்கம் வந்தது. பிறகு, அவள் எதிர்பார்க்கவே இல்லை, சந்தோஷம் வந்தது. முழங்காலை உயர்த்திப் பார்த்தாள், உயர்ந்தது. காலை அகட்டி வைத்தாள், எதுவும் இழுக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தன் கால்கள் இவ்வளவு தூரம் போகும் என்றே தெரியாதவள் போலக் கடைக்குள் நீளமாக ஓர் எட்டு எடுத்து வைத்தாள். அஜீசா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டாள். அருள்மேரி அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்கூட்டரை முறுக்கினாள்.

“லெஃப்ட்ல வளைங்கக்கா!” “கால் தூக்குங்க, தூக்குங்க!” சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள்.

“கலருதான் கண்ண குத்துது” என்றாள் அருள்மேரி. “ஊரே பாக்கும்.”

“பாக்கட்டும்கா. தூரத்துலயே தெரிஞ்சா லாரிக்காரன் ஒதுங்கிப் போவான்.”

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? வாங்கினாள். சேலையைக் கட்டிக்கொண்டு கீழே வந்து, பையை ஏசுபாதத்திடம் காட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள். ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை. கனவில் அவள் கிளிப்பச்சையில் போக, தெருவே வாசலில் நின்று பார்த்தது.

காலையில் ஏசுபாதம் பின்னால் உட்கார, அவள் ஓட்டிக்கொண்டு போனாள். தெருவில் ஒருத்தி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. பால் பாக்கெட் எடுத்தவர் போனில் இருந்தார். மைதானத்தில் வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்கள், இல்லையென்றால் எட்டைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாளாக எந்தக் கண்களுக்குப் பயந்தாளோ, அந்தக் கண்களுக்கெல்லாம் சொந்த வேலை இருந்தது. நிம்மதியோடு கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

அவள் முறை வந்தது. முதல் வளைவு. நடுக்கோடு. இரண்டாவது வளைவில் வண்டி ஒரு தரம் சாய்ந்தது. முழங்கால் தானாக விரிந்து கொடுத்தது, வண்டி நிமிர்ந்தது. எட்டை முடித்து ஆய்வாளர் முன்னால் நிறுத்தினாள். அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “பாஸும்மா. அடுத்தது யாரு?” என்றார்.

வேலி ஓரம் ஏசுபாதம் நின்றிருந்தார். அருள்மேரி வண்டியை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டாள்.

“இன்னாய்யா, எப்பிடி கீது?”

“எது?”

“இதான்யா, இந்த டிரஸ்ஸு. நல்லா கீதா இல்லியா?”

ஏசுபாதம் அப்போதுதான் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பச்சை கண்ணில் பட்டதும் திடுக்கிட்டது முகத்தில் தெரிந்தது. இத்தனை நேரம் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர்.

“நான் டிரஸ்ஸ எங்க பாத்தேன்? உன் காலையே பாத்துகினு இருந்தேன்” என்றார். “கீழ வெக்கவே இல்லியே மேரி நீ.”