மழை என்றால் கோவில்

வெள்ளைத்துரை என் அம்மாவோடு பிறந்த கடைசித் தம்பி, எனக்கு மாமா. தி.நகரில் ராஜரத்தினம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பார். அவருக்கு மாலைக்கண். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் சமாளித்துவிடுவார். தெருவில் இருட்டிவிட்டால் எதிரே நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

மாமி போனபிறகு அவருக்கு எல்லாம் மகள் புஷ்பம்தான். இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து, எழுபத்தாறாம் வருஷம் இருக்கும். அடையாறு பக்கம் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு அட்டையில் ஓட்டை போடுகிற வேலை அவளுக்கு. புரோகிராம் எழுதவும் பழகிக்கொண்டிருந்தாள்.

"அது ஒரு கேள்வி கேக்கும் மதினி. ஆமான்னா ஒரு வழி, இல்லன்னா இன்னொரு வழி" என்பாள் என்னிடம். பிற்பாடு சி என்ற மொழியைப் படித்தபோதும், அதிலும் இதேதான் என்றாள்.

அப்பாவுக்கும் அப்படி ஒன்று போட்டுக்கொடுத்திருந்தாள். கடையிலிருந்து வெளிச்சத்தோடு கிளம்ப வேண்டும். மழை என்றால் பிள்ளையார் கோவில் மண்டபம், இல்லையென்றால் பனகல் பார்க் வாசல். அவள் பஸ்ஸில் வந்து, கையைப் பிடித்து ஆழ்வார்பேட்டைக்குக் கூட்டிப்போவாள்.

ஐப்பசியில் ஒரு நாள், அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல மழை. நேரே மண்டபத்துக்கு ஓடினாள். அப்பா இல்லை. வருவார் என்று நின்றாள். இருட்டிக்கொண்டே வந்தது. சுண்டல் விற்கிற முத்தம்மா கூடையோடு வந்து ஒதுங்கினாள்.

"பார்க் வாசல்ல ஒரு பெருசு நனைஞ்சிகினு கீது. வா நைனான்னா, எம் பொண்ணு வரும்னுது. கம்பியப் புடிச்சிகினு நவுரவே மாட்டேங்குது."

புஷ்பம் மழையிலேயே ஓடினாள்.

"மழைன்னா கோவில்னு சொன்னேன்லப்பா."

"நான் கெளம்பும்போது மழ இல்ல தாயி. வந்த பொறவுதான் புடிச்சுது. அதுக்குள்ள கண்ணு இருட்டிட்டு."

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. கேள்வியை ஒரு தரம்தான் கேட்கச் சொல்லியிருந்தாள். பிறகு வானம் மாறினால் என்ன செய்வதென்று சொல்லவே இல்லை. அப்பாவின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் பார்க்குக்கும் போகவில்லை, கோவிலுக்கும் போகவில்லை. ஆபீஸில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி, மாமா கடையை விட்டுக் கிளம்புமுன் அங்கே போய்விட்டாள்.

"அண்ணாச்சி, அப்பாவுக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது. நான் வர்ற வரைக்கும் தெனமும் இங்கயே இருக்கட்டுமா?"

மாமா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தாராம்.

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்வே, தெரிஞ்சா அனுப்பிருவேன்னு நீரே முடிவு கட்டிட்டீராக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீரா?" என்று சொல்லி, கல்லாவை ஒட்டிக் கிடந்த ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் மாமா கேட்டாராம்:

"அப்போ, மழ பெஞ்சா எங்க இருக்கணும்?"

"ஸ்டூல்ல."

"பெய்யலன்னா?"

"ஸ்டூல்லதான்பா."

மாமா சிரித்துக்கொண்டே அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.