கடைசி டின்

போன வாரம் மருமகள் என்னைக் கோபித்துக்கொண்டாள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாட்களில் வரிசையில் நிற்பது என் உத்தியோகம். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை. குடங்களை நிறைத்து ஓரமாக வைத்துவிட்டு நிற்பேன், அவள் வந்து தூக்கிக்கொண்டு போவாள். அன்று குடத்துக்குள் எட்டிப் பார்த்தவள் முகம் சுளித்தாள். தண்ணீர் செம்மண் கரைத்த நிறத்தில் இருந்தது.

"மாமா, லாரி வர்றதுக்கு அர மணி முன்னாடியே வந்து நிக்கிறீங்க. அப்புறம் எப்பிடி கடைசி ஆளா ஆவுறீங்க? டாங்கில இருக்கிற வண்டலெல்லாம் நம்ம வூட்டுக்குத்தான் வருது."

லாரிக்காரர் எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் அதே ரெண்டு கொடம்தாம்மா. தாத்தாவுக்கு ஒண்ணும் கொறைக்கல" என்றார்.

இதே பேச்சை, இதே பெருமையோடு, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நான் பேசியிருக்கிறேன். குனிந்து குடங்களை அவள் பக்கம் நகர்த்தினேன். குடத்திலிருந்து சேற்று வாசனை வந்துகொண்டிருந்தது. வயதானால் எல்லாம் மறந்துபோகும் என்கிறார்கள். எனக்கு இன்றைக்கு மாத்திரை போட்டேனா என்பது மறக்கிறது, இந்த வாசனை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

அப்போதுதான் வெள்ளைக்காரன் போயிருந்தான், ரேஷன் இன்னும் போகவில்லை. அரிசிக்குக் கார்டு, சர்க்கரைக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்குக் கார்டு. இரண்டு வருஷமாக மழையும் ஏமாற்றிவிட்டது. எங்கள் செஞ்சிப் பாறைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும். கோட்டைக்குள் இருந்த குளங்களில் பாசி மட்டும் மிஞ்சியிருந்தது. வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. நல்ல தண்ணீர் என்று மிச்சமிருந்தது சிங்கவரம் போகிற வழியில் இருந்த ஒரே ஒரு கிணறுதான். அதை எங்கள் தண்ணீர் ஆபீஸ் எடுத்துக்கொண்டு, சுற்றி மதில் எழுப்பிப் பூட்டுப் போட்டது. சாவி என்னிடம். எனக்கு இருபது வயது. வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இடுப்பில் ஒரு சாவி தொங்கினால் மனுஷன் நடையே மாறிவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீருக்கும் கார்டு போடலாம் என்று யோசனை சொன்னவர் எங்கள் சூப்ரண்டு. அடுப்புக்கு ஒரு கார்டு, கார்டுக்கு இரண்டு குடம். அடுப்புகளை எண்ணி வர என்னை அனுப்பினார்கள். நான் நோட்டோடு ஒரு தெருவில் நுழைவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விடும். கூடத்தில், கொல்லையில், மாட்டுக் கொட்டகையில் எல்லாம் ஈரம் காயாத புது அடுப்புகள் முளைத்திருக்கும். ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் தனித்தனிக் குடித்தனம் என்று சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்த வாயோடு ஒரே தட்டில் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நான் சாம்பலில் கைவிட்டுச் சூடு பார்த்துத்தான் கார்டு எழுதினேன். ஆனாலும் பலர் என்னை ஏமாற்றினார்கள். வைக்கோலைக் கொளுத்திச் சாம்பலைச் சூடாக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அஞ்சலையை முதலில் பார்த்தது அந்த அடுப்புக் கணக்கில்தான். சேரியில், ஏழு பேர் இருந்த ஒரு குடிசை. மண்டியில் மல்லாட்டை உரிக்கும் கூலி வேலை அவருக்கு. வாசலில் ஒரே ஒரு அடுப்பு இருந்தது.

"ஒரு அடுப்புத்தானா?" என்றேன்.

"ஒண்ணுக்கே வெறவு இல்ல சாமி. ரெண்டாவது எதுக்கு?"

ஏழு பேருக்கு இரண்டு குடம் என்று எழுதினேன். முந்தின நாள் மூன்று பேர் இருந்த வீட்டுக்கு நாலு குடம் எழுதியதும் இந்தக் கைதான். அஞ்சலை என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அன்று நான் 'நீ' என்றுதான் பேசினேன். இன்று எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. இந்த மரியாதையால் அவருக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை.

எல்லாக் குடமும் ஒரே குடம் அல்ல என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. கார்டில் இருப்பது குடம்தானே என்று, அண்டாவுக்குத் தம்பி மாதிரி ஒன்றை ஒருவர் இரண்டு பேரை வைத்துத் தூக்கி வந்தார். அதற்குப் பின்னால் கழுத்து உடைந்த மண்பானையோடு ஒரு அம்மாள். அப்போது எனக்கு வந்த யோசனைதான் டின். ஆபீசில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின்னைச் சுட்டுக் கழுவி, எல்லோருக்கும் அதில் அளந்து ஊற்றினேன். பாத்திரம் எவ்வளவு பெரிதானாலும் கார்டுக்கு இரண்டு டின். சூப்ரண்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் கொஞ்ச நாள் தராசு பிடித்த தர்மராஜன் மாதிரிதான் திரிந்தேன்.

டின் ஒன்று, வரிசை இரண்டு. ஊர்த் தெருக்காரர்கள் மதிலுக்கு உள்ளே வந்து நிற்பார்கள். அவர்கள் எல்லோரும் பிடித்து முடித்த பிறகு சேரிக்காரர்களுக்கு, மதிலுக்கு வெளியே. உள்பக்கம் ஒரு கல் தொட்டி, அதிலிருந்து மதிலைத் துளைத்து வெளியே ஒரு தூம்பு. நான் டின்னைத் தொட்டியில் கவிழ்ப்பேன், வெளியே பானையை ஏந்திப் பிடித்துக்கொள்வார்கள். பொதுக் கிணற்றில் எல்லோரும் எடுக்கலாம் என்று மதராசில் சட்டமே வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் மதிலைத் தாண்டி அது வரவில்லை. எனக்கும் அது உறுத்தவில்லை. இரண்டு பக்கமும் அதே இரண்டு டின், எண்ணி ஊற்றுகிறேன், இதற்குமேல் என்ன நியாயம் வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் பூட்டப்போகும் நேரத்தில் வாசலுக்கு வெளியே அஞ்சலை நின்றார். கையிலிருந்த சொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"பாருங்க சாமி."

பார்த்தேன். சொம்பில் பாதி சேறு. பாறைக் கிணற்றில் ராத்திரி ஊறுவதுதான் தண்ணீர். முதலில் இறைப்பது தெளிவாக இருக்கும், போகப்போகக் கலங்கும், கடைசியில் வாளி அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு வரும். இது எனக்குத் தெரியாததல்ல. தினமும் என் கையால்தான் ஊற்றினேன். ஆனால் நான் டின்னை எண்ணினேனே தவிர, டின்னுக்குள் இருப்பதைப் பார்க்கவே இல்லை.

"எல்லாருக்கும் ஒரே டின்னுதான் அஞ்சல. நான் யாருக்கும் கூடவும் ஊத்தல, கொறைக்கவும் இல்ல" என்றேன்.

"டின்னு ஒண்ணுதான் சாமி, நா இல்லன்னு சொல்லல. மொத டின்ன எங்களுக்கு ஊத்திட்டு கடைசி டின்ன அவங்களுக்கு ஊத்துங்க. அப்பவும் ஒண்ணுதான?"

 அவர் குரலை உயர்த்தவில்லை.

"எம் மவ பெத்து ஆறு நாளாவுது. பொம்பளப் புள்ள. பச்ச ஒடம்புக்காரிக்கு இந்தத் தண்ணியதான் காச்சிக் குடுக்கறேன். வடிகட்டினாலும் போவல. எங்க எல்லாருக்கும் வேணாம், ஒரு பத்து நாளு எங்கார்டுக்கு மட்டும் மொதல்ல ஊத்துங்க."

"எனக்கு அதிகாரம் இல்ல. சூப்ரண்டுகிட்ட கேக்கறேன்" என்றேன். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டவில்லை.

சூப்ரண்டு கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீ சொல்றது நாயந்தாம்பா. வரிசைய மாத்தினா உள்ள நிக்கிறவங்கள யாரு சமாளிக்கிறது, நீயா? ஒரு அடுப்புக்குச் சலுகை குடுத்தா நாளைக்கு எல்லா அடுப்புலயும் புள்ள பொறக்கும். எழுதிக் குடு, அடுத்த மீட்டிங்ல வெக்கறேன்." எழுதிக்கொடுத்தேன். இரண்டு வரிசையும் நாள் மாற்றி நாள் முதலில் வரலாம் என்று, நல்ல கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. எழுதிக்கொடுத்த அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை கிணற்றடியில் என்னையும் தண்ணீர் இறைக்கிற முனுசாமியையும் தவிர யாரும் இல்லை. அவன் முதல் வாளியை இழுத்து, வழக்கம்போல என் மேசையிலிருந்த மண் கூஜாவில் ஊற்றினான். நானும் வழக்கம்போல ஒரு டம்ளர் குடித்தேன். கண்ணாடி மாதிரி தண்ணீர். அந்தக் கூஜா எந்தக் கார்டிலும் இல்லை, எந்த வரிசையிலும் நிற்கவில்லை. கோடைக்காலம் முழுக்க ஊரில் முதல் தண்ணீர் குடித்தவன் நான்தான். அஞ்சலை கேட்டது அதைப்போல இரண்டு டின். முனுசாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிடித்து மூடிவைத்திருப்பான், ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. இது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல ஆசைதான். தோன்றியது. சலுகை காட்டினான் என்ற பேர் வந்துவிடுமோ என்று பயந்தேன். என் நல்ல பேர் எனக்குப் பெரிதாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து வெளி வரிசையில் அஞ்சலை இல்லை. முனுசாமியிடம் கேட்டேன்.

"பனமல ஏரிப் பக்கம் போய்ட்டாங்க சார். அங்க ஏரில கொஞ்சம் தண்ணி கெடக்குதாம். கொளந்தைக்கு வயித்தால போவுதுன்னாங்க. வெயில்ல நடந்தேதான் தூக்கிக்கினு போனாங்க."

"கொழந்த எப்பிடி இருக்குதாம்?"

"தெரியல சார்."

அதற்குமேல் இன்றுவரை எனக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து மழை கொட்டியது. கிணறு கைக்கு எட்டும் அளவுக்கு நிறைந்தது. மீட்டிங்கில் என் மனுவை எடுத்து, தற்போது தேவை எழவில்லை என்று எழுதி மூடினார்கள். கார்டுகளைத் திரும்ப வாங்கப் போனபோது அஞ்சலையின் குடிசை திறந்து கிடந்தது. அந்த ஒரே அடுப்பின் சாம்பலில் மழை பெய்து இறுகியிருந்தது. கார்டு கூரையில் செருகியிருந்தது. ஊருக்குச் சொந்தமானதை ஊருக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

பனமலை ஒன்றும் காசி தூரம் அல்ல. பஸ் போகும். பல வருஷம் கழித்து ஒருமுறை கோயிலைப் பார்க்கும் சாக்கில் போனேன். ஏரிக்கரையில் ரொம்ப நேரம் நின்றேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் அஞ்சலை என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் பதிலும் வரும் அல்லவா? திரும்பி வந்துவிட்டேன். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

இப்போது அந்தக் கிணறு இல்லை. தூர்ந்துபோய், அதன்மேல் கடைகள் வந்துவிட்டன. மதிலும் தூம்பும் கல் தொட்டியும் போன இடம் தெரியவில்லை. அவை போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, போய்த் தொலைந்ததே என்றுதான் இருக்கிறது. லாரிக்கு முன்னால் ஒரே வரிசை. பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்து யார் எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. சூப்ரண்டும் முனுசாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் யாருக்குச் சலுகை மறுத்தேன் என்பது தெரிந்தவர்கள் இனி ஊரில் யாரும் இல்லை.

அந்தப் பெண் குழந்தை இருந்தால் இன்று ஐம்பது வயதிருக்கும். நான் அரை மணி முன்னாலேயே போய் நிற்பது உண்மைதான். பிறகு குடத்தோடு யாராவது அந்த வயதுப் பெண் வருவார். "முன்னாடி வாம்மா" என்று நகர்ந்துகொள்வேன். "நீங்க பெரியவங்க, நீங்களே மொதல்ல புடிங்கய்யா" என்பார்கள். நான் கேட்பதில்லை. அந்த வயதில் ஊரில் எத்தனை பெண்கள். ஒவ்வொருவராக முன்னால் விட்டு விட்டு, லாரியில் வண்டல் வரும் நேரத்துக்கு என் முறை வந்துவிடும். மருமகளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? நாளையும் லாரி வரும், அவள் திட்டுவாள். திட்டட்டும்.