பிரேக் டிஸ்க்கில் சந்தனப் பொட்டு

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட என்னென்ன வாங்க வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விஜயதசமியன்று மருங்காபுரிப் பக்கம் போய்வந்த கதையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முழங்கை இன்னும் சரியாக மடங்கவில்லை. அலுப்போடுதான் எழுதுகிறேன், நீட்டி முழக்க மாட்டேன்.

நான் புத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், வீடு ஸ்ரீரங்கம். சர்க்கரை எட்டிப் பார்த்த பிறகு சைக்கிள் ஏறியவள். கொள்ளிடக் கரையிலேயே ஓட்டிச் சலித்துப்போய், கல்லும் மேடுமான பாதைக்கு ஆசைப்பட்டு ஒரு மலைச் சைக்கிள் வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "நாப்பத்தாறு வயசுல விழுந்தா எலும்பு கூடுமா கீதா?" என்பார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். முதல் பயணத்துக்கு அவரும் கூட வருவார். நான் விழுந்தால் சைக்கிளை விற்றுவிட வேண்டும். சரி என்று தலையாட்டினேன். வாரம் முழுக்க வார்டில் அடுத்தவர் வலியோடு நிற்கிறவளுக்கு, சைக்கிளில் போகிற அந்த ஒரு காலைதான் சொந்தமாக இருந்தது. அதை விட எனக்கு மனசில்லை.

வாங்கியவற்றைச் சொல்கிறேன். ஹெல்மெட் 2,800 ரூபாய். வார் போடாமல் தலையை ஆட்டிப் பாருங்கள், அப்போதும் நகரக் கூடாது. முழு விரல் மூடும் கையுறை 700. முழங்கால், முழங்கைக் கவசம் சேர்த்து 1,900. காற்றுப் பம்பு, இரண்டு மாற்று டியூப். கருவேல முள்ளுக்கு ஒன்று போதாது. பஞ்சு வைத்த கால்சட்டை அவசியம். நான் அதைச் சுடிதார் பேன்ட்டுக்குள் போட்டுக்கொண்டேன், தெருவில் பால் வாங்க நிற்பவர்களுக்கு வேடிக்கை காட்ட விருப்பமில்லை. தின்ன, மணப்பாறை முறுக்கே போதும். உப்பும் இருக்கிறது, வெயிலில் உருகுவதும் இல்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். வருஷா வருஷம் மெஷினை எண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இந்த முறை நான் டியூட்டி முடிந்து வந்தபோது, என் சைக்கிளுக்கும் அதே மரியாதை நடந்திருந்தது. ஹேண்டிலில் கதம்பம், சக்கரத்தில் பொட்டு, உடம்பெல்லாம் மினுமினுப்பு. பிடிக்காத மனுஷன் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கெங்கே துடைத்தார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

விடிவதற்குள் கிளம்பினோம். சைக்கிளை ஏற்றக் குட்டியானை வண்டி, போக வர 3,500 ரூபாய். மணப்பாறை வழியாக மருங்காபுரி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். ஓட்டுநர் அப்பாஸ் வழியெல்லாம் கொட்டாவி விட்டபடி, "காசு குடுத்து யாராச்சும் வேர்த்து விறுவிறுத்துப் போவாங்களாக்கா?" என்று கேட்டார். நானும் ஒரு கொட்டாவி விட்டேன்.

வனத்துறை எல்லைக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். நான் ஏறியது கல் குவாரிக்குப் போகும் பழைய வண்டிப்பாதை, கைவிட்ட பாதை. அவரும் அப்பாஸும் அடிவாரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஏற்றம் மூன்று கிலோமீட்டர். பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டே போனேன். மேலே பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை, வறண்ட காடும் சோளக்கொல்லையும்தான். தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினேன்.

முதல் வளைவில் பிரேக் கிறீச்சிட்டது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். இரண்டாவது வளைவில் இரண்டு கையாலும் அழுத்தியும் சைக்கிள் வழுக்கிக்கொண்டே போனது. அடிவாரம் கண்ணுக்குத் தெரிந்தது, அவர் எழுந்து நிற்பதும் தெரிந்தது. வேறு வழியில்லாமல் ஓரத்துக் கருவேலம் புதருக்குள் திருப்பினேன்.

கவசம் இல்லாவிட்டால் முழங்கை உடைந்திருக்கும். அவர் ஓடிவந்து என்னைத் தூக்கி, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "போதும் கீதா. வித்துடலாம்" என்றார். 

சிராய்ப்பைத் துடைக்க முதலுதவிப் பையில் ஸ்பிரிட் பஞ்சு வைத்திருந்தேன். துடைத்து முடித்ததும், சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக் டிஸ்க்கை அதே பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தேன். சந்தனமும் எண்ணெயுமாக வந்தது. டிஸ்க்கை இருபுறமும் பிரேக் பேட் கவ்வினால்தான் சக்கரம் நிற்கும். எண்ணெய் பட்டால் கவ்வாது.

சொல்லாவிட்டால் சைக்கிள் போய்விடும். சொன்னால் இந்த மனுஷன் தாங்க மாட்டார். பஞ்சைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"ஏக்கா, பிரேக் புடிக்கலையா?" என்று அப்பாஸ் கேட்டார்.

"ஏங்க," என்றேன் என் வீட்டுக்காரரிடம். "டிஸ்க்குல எண்ணெய் பட்டிருக்கு. லேத்துக்கு நல்லது, இதுக்கு ஆகாதுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பஞ்சை வாங்கி முகர்ந்து பார்த்தார். "நான் தொடச்சதா?"

"ஆமாங்க."

"துருப் புடிச்சிடக் கூடாதேன்னு அந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ தொடச்சேன்," என்று சொல்லிவிட்டுப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வீடு வரும்வரை அந்தப் பஞ்சைக் கையிலேயே வைத்திருந்தார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் சொன்னதற்கு வருத்தப்படவில்லை.

ஆகவே, புதிதாக வாங்குகிறவர்களுக்கு: எண்ணெய் சங்கிலிக்கு மட்டும். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள். எண்ணெய் ஊறிய பேடைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள், எனக்கு 600 ரூபாய் ஆனது. பூஜைக்குப் பொட்டை ஹேண்டிலில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிட் பஞ்சைப் பையில் மறக்காதீர்கள்.

விற்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் கிளம்புமுன் வாசலுக்கு வந்து, முன் பிரேக்கைப் பிடித்து ஒரு தள்ளு, பின் பிரேக்கைப் பிடித்து ஒரு தள்ளு. நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அந்த நேரத்தையும் சேர்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.