புற்றல்ல, காசம்

ஐம்பதுகளின் கடைசி. படிப்பு முடித்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் நான் டாக்டராகச் சேர்ந்த புதிது. பாம்பனிலிருந்து ஒரு மீனவர் தன் மனைவியைக் கையில் தூக்கிக்கொண்டே வார்டுக்குள் வந்தார். பல மாதமாக அவளுக்குச் சாப்பாடு தங்கவில்லை. கஞ்சித்தண்ணி குடித்தாலும் வாந்தி. கழுத்தெலும்புக் குழியில் ஜெபமாலை புதைந்து கிடந்தது.

வயிற்றைத் திறந்து பார்த்த பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இரைப்பையின் கீழ்வாய் தடித்து, சுற்றியிருந்ததோடெல்லாம் ஒட்டிக் கிடந்தது. "புற்றுதான். எடுக்க முடியாது" என்றார். சாப்பாடு இறங்க இரைப்பையிலிருந்து குடலுக்கு வேறு வழி தைத்துவிட்டு, பக்கத்தில் வீங்கியிருந்த நெறிக்கட்டி ஒன்றை வெட்டி என்னிடம் கொடுத்தார்.

வெளியே கணவர் நின்றார். "டாக்டரம்மா, பிள்ள கைப்பிள்ள. இவ பொழைப்பாளா? அத மட்டும் சொல்லுங்க." வெட்டிய கட்டியோடு நேரே பரிசோதனை அறைக்குப் போய்விட்டேன்.

கட்டியைப் பிளந்ததும் கை நின்றது. உள்ளே தயிர்க்கட்டி மாதிரி வெள்ளையாக, மாவு மாவாக இருந்தது. புற்று இப்படி இருக்குமா? கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடுகாட்டி, அமிலத்தில் கழுவி, நீலம் பூசி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நீலம், நீலம், நீலம். கண் வலித்தது. தகட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். சிவப்பாக, மெல்லிய குச்சி ஒன்று! பக்கத்திலேயே இன்னொன்று!

"சார்!" என்று நான் கத்தியதில் பெரிய டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"காசக்கிருமி! நெஞ்சுப் படத்துல ஒண்ணுமே இல்லையேம்மா?"

"இரைப்பையிலேயே பிடிச்சிருக்கு, சார். புத்தகத்துல அபூர்வம்னு ஒரே ஒரு வரிதான் படிச்சிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "நான் சொன்னது தப்பாப் போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்ல. போ, போய்ச் சொல்லு."

ஓடினேன். மூச்சு வாங்க, "காசம்ங்க, காசம்தான்!" என்று நான் பூரித்துச் சொல்ல, அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அதுவும் சாவுதானம்மா?"

"இல்லய்யா! புற்றுன்னு நினைச்சோம், அதுக்குத்தான் என்கிட்ட ஒண்ணுமில்ல. இதுக்கு ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. இன்னிக்கே ஆரம்பிக்கிறோம்."

தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பிய கட்டியின் மீதித் துண்டும் அதையே சொன்னது. முதலில் கஞ்சி தங்கியது, அப்புறம் குழைந்த சோறு. ஒருநாள் அவளே மீன்குழம்பு கேட்டாள், வார்டே சிரித்தது.

மருந்து முழுதும் முடிந்த பிறகு ஒரு காலையில் பாம்பன் கரைக்குப் போயிருந்தேன். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே ஒரு குரல் வியாபாரியை விளாசிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அவள்தான். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு பெரிய பாறை மீன்.