பம்புக்கு விட்ட எண்ணெய்

எடப்பாடியில் எங்கள் வீட்டில் எது கிறீச்சிட்டாலும் மருந்து ஒன்றுதான், எண்ணெய். தறி, கதவுக் கீல், கிணற்று ராட்டினம், தையல் மிஷின் எதுவானாலும் மாமனார் எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றுவிடுவார். வயிற்றுவலி என்றால் விளக்கெண்ணெய்.

என் வீட்டுக்காரருக்கு வலி வந்தபோதும் அதைத்தான் கொடுத்தார். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடல்வால் வெடித்திருந்தது. "இதுக்குப் பேதி மருந்து குடுப்பாங்களாய்யா?" என்றார் டாக்டர். பிணத்தோடுதான் ஊர் திரும்பினோம்.

நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு எதுவுமே தோன்றவில்லை, சோறு மண்ணாக இருந்தது, அவ்வளவுதான். மாமனாரோடு பேச்சே கிடையாது. தட்டை வைப்பேன், எடுப்பேன்.

வீட்டுக்காரர் விட்டுப்போனது ஒரு கண்ணாடி மீன்தொட்டி. மதராஸில் வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. "மீன் மூச்சு உடக்கூட கரண்ட்டுங்களா?" என்று தெருவே சிரித்தது. தொட்டிக்குக் காற்று ஊதும் பம்பை அவர் கழற்றித் துடைக்கும்போது திருகாணிகளை வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. அவருக்குப் பிறகு நானே துடைத்தேன். யாரும் சொல்லாமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான். அந்த மீன்களும் போய்விட்டால், அவர் கையால் தீனி தின்ற உயிர் அந்த வீட்டில் வேறு இல்லை.

ஒரு காலையில் தொட்டியில் குமிழி இல்லை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்திருந்தது. பம்பைத் திறந்தேன். அதற்குள் எண்ணெய் கேட்கிற சக்கரம் எதுவும் கிடையாது. ஒரு தகடு அதிர்ந்து ரப்பர் மூடியைத் தட்டும், காற்று குழாயில் போகும். அந்த ரப்பர் ஊறவைத்த உளுந்து போல உப்பிக் கிழிந்து கிடந்தது.

"ரொம்ப உறுமிட்டே இருந்துச்சு சாமி. நாந்தான் ரெண்டு சொட்டு உட்டேன்" என்றார் பின்னால் நின்ற மாமனார்.

எனக்குக் கோபம் வந்தது. சாவு வீட்டில் வராத கோபம், உச்சந்தலை வரைக்கும் வந்தது. ஆனால் மீன் காத்திருக்காது. செய்தித்தாளைத் தண்ணீர் மேல் விரித்து விரித்து எண்ணெயை ஒற்றி எடுத்தேன். பழைய சைக்கிள் ட்யூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, நடுவில் துளையிட்டுத் திருகாணியை மாட்டி, பழைய மூடி இருந்த இடத்தில் இழுத்துப் பிடித்தேன். கட்டுவதற்கு இன்னும் இரண்டு கை வேண்டும். தறிக்கு வைத்திருந்த பாவு நூலை முழங்கையால் மாமனார் பக்கம் தள்ளினேன்.

அவர் சுற்றிச் சுற்றிக் கட்டினார். தறியில் அறுந்த இழைக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டார்.

"அவனுக்கும் நாந்தானே சாமி எண்ணெய் குடுத்தேன்" என்றார்.

இல்லைங்க மாமா, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. மனதில் இல்லாததை எப்படிச் சொல்வது? பிளக்கைச் செருகினேன். பம்பு பழையபடி உறுமியது. குழாய் முனையில் ஒரு குமிழி வந்தது, பிறகு குமிழிகள் விடாமல் வந்தன. கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அவர் மீனைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சு நிக்குதுங்க மாமா" என்றேன். "சாப்பிட வாங்க."